இரண்டு நாள் கயிறு

2016ஆம் ஆண்டு ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஓமந்தையில் நல்லதம்பியின் லொறிக்கு முன்னால் ஒரு பழுப்பு நாய் வந்து படுத்தது. அதன் கழுத்திலிருந்து போன நீல நைலோன் கயிற்றின் மற்ற நுனி அங்கிருந்து எண்பது கிலோமீற்றருக்கு அங்கால், விசுவமடுவில் ஒரு வேம்பில் கட்டியிருந்தது. இடையில் கிடந்த கயிற்றைக் கண்டவர்கள் எத்தனையோ பேர். பஸ் ஏறினது, உழவு மெசின் ஏறினது, கயிறு அறவில்லை. றோட்டுப் போடுகிற ஆட்கள் அதற்கு மேலால் தார் ஊற்றினார்கள். மறுநாள் கயிறு தாருக்கு மேலே கிடந்தது. அவர்களும் மனிசர்தானே, எத்தனை தரம் ஊற்றுவது? விட்டுவிட்டார்கள்.

நல்லதம்பிக்கும் மனைவி இரஞ்சிதத்துக்கும் அந்த லொறிதான் வீடும் கடையும். பிளாஸ்டிக் கதிரை, வாளி, பாய் எல்லாம் ஏற்றிக்கொண்டு வவுனியாவிலிருந்து பூநகரி வரை ஊரூராய்ப் போவார்கள். வாய்க்கால் கண்ட இடத்தில் குளிப்பு, லொறியை மூடுகிற தறப்பாள் கயிற்றில் உடுப்புக் காயும், பின்கதவை விரித்தால் அதுதான் குசினி. சோறு வடிக்கிற மணத்துக்குக் கட்டாக்காலி நாய்கள் எங்கிருந்துதான் வருமோ, ஐந்து ஆறு வந்து நிற்கும். முதல் பிடி சோறு அவற்றுக்குத்தான். “உனக்குப் புருசன் நானோ அதுகளோ?” என்று நல்லதம்பி நக்கலடிப்பார். இரஞ்சிதம் சிரிக்கமாட்டா. அன்றைக்கு ஓமந்தையில் ஒரு நாயும் சோற்றுக்குக் கிட்ட வரவில்லை. கயிற்றைக் கண்டு றோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று முனகின. இரஞ்சிதம் அள்ளின பிடி சோற்றைத் திரும்பப் பானைக்குள் போட்டா.

நாய் படுத்த இடத்தைத் தாண்டி லொறி போகவில்லை. எஞ்சின் நின்றுவிடும். வடக்கே திருப்பினால் ஓடும். பில்டர் மாற்றினார்கள், பம்பைக் கழற்றிப் பூட்டினார்கள், கராச்காரன் எஞ்சினுக்குள் தலையை விட்டுத் தேடிவிட்டு, “அண்ணை, லொறியில ஒரு பிழையும் இல்லை, கோயிலுக்குப் போங்கோ” என்றான். அடுத்த மாதம் நாய் புளியங்குளத்தில் படுத்திருந்தது. பிறகு மாங்குளத்தில். இவர்கள் எந்தக் குறுக்கு வழியால் போனாலும் அது முன்னுக்கே போய்ச் சேர்ந்திருந்தது. குரைக்கவில்லை, கடிக்கவில்லை, இரஞ்சிதத்தைப் பார்த்து வாலை ஆட்டியது. அதுதான் பயங்கரம். கயிறு கட்டையாகிக்கொண்டு வந்தது. மார்கழியில் அது பூநகரி றோட்டிலும் படுத்து வழியை அடைத்தது. தைமாதம் பரந்தனில் நாய் லொறியின் முன் சில்லோடு முதுகைச் சாய்த்துப் படுத்தது. கிழக்கே விசுவமடுப் பக்கம் மட்டும்தான் லொறி அசைந்தது.

அங்கே வைத்துத்தான் இரஞ்சிதம் வாயைத் திறந்தா.

“இஞ்சேருங்கோ, அது எங்கட வீமன். நான் கட்டிப்போட்டு வந்தது.”

கலியாணத்துக்கு முந்திய கதை அது. 2009 தையில் சண்டை கிட்ட வந்து, செல் குண்டு விழ விழ விசுவமடு முழுக்க எழும்பி வெளிக்கிட்டது. எல்லாரும் ஆட்டையும் மாட்டையும் நாயையும் அவிழ்த்துவிட்டுப் போனார்கள். இரஞ்சிதம் மட்டும், பின்னால் வந்து சனத்துக்குள் மிதிபட்டுச் செத்துப்போகும் என்று வீமனை வேம்பில் கட்டினா. சட்டியில் இரண்டு நாளுக்குச் சோறு, வாளியில் தண்ணீர். “ரெண்டு நாளில வந்திடுவம், படுத்திரு” என்று சொன்னா. அந்தக் காலத்தில் ஆர்தான் இரண்டு நாளுக்குமேல் நினைத்துக்கொண்டு வெளிக்கிட்டது! அதற்குப் பிறகு முகாம், தாயின் சாவு, கலியாணம், லொறி. விசுவமடுப் பக்கம் யாவாரத்துக்குப் போவோம் என்று நல்லதம்பி கேட்டபோதெல்லாம் அவவுக்குத் தலையிடி வந்தது.

“எட்டு வருசமாச்சு. நாய் செத்திருக்குமடியப்பா” என்றார் நல்லதம்பி. நாய் சில்லடியில் கொட்டாவி விட்டது.

போனார்கள், வேறு வழி? இரஞ்சிதத்தின் பழைய வீட்டில் கூரை இல்லை, வளவு பற்றை மண்டிக் கிடந்தது. வேம்பு மட்டும் நின்றது, இளமரமாய், அன்றைக்கு நின்ற அதே உயரத்தில். அதன் கீழே வீமன் இவர்களுக்கு முன்னமே போய்ப் படுத்திருந்தது. கழுத்திலிருந்து மரத்துக்கு நாலு முழக் கயிறு, அவ்வளவுதான். சட்டியில் இருந்த சோற்றில் ஆவி பறந்தது. ஒரு வாய்தான் குறைந்திருந்தது. நல்லதம்பி கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்துப் பார்த்தார், கத்தி மழுங்கியது. இரஞ்சிதம் தன் முடிச்சைத் தானே அவிழ்த்துப் பார்த்தா, நகம் கிழிந்து இரத்தம் வந்தது. பிறகு நாய்க்குப் பக்கத்தில் குந்தினா. அது தலையைத் தூக்கி அவவின் மடியில் வைத்தது.

“அதுக்கு இன்னும் ரெண்டு நாள் முடியேல்லையப்பா” என்று அழுதா. “பாவம், அதுக்குக் கோவம்கூட இல்லை. அந்த ரெண்டு நாளையும் கூட இருந்து முடிச்சிட்டு அவிட்டுக்கொண்டு வாறன். நீங்கள் போய் யாவாரத்தைப் பாருங்கோ.”

அவர் மாட்டேன் என்றார். அவவைத் தூக்கிக்கொண்டு போய் லொறியில் ஏற்றினார். எஞ்சின் செத்துக் கிடந்தது. அவ இறங்கி மரத்தடிக்குப் போனதும் தானாக உறுமியது. கடைசியில் மனிசன் ஒரு கதிரையை இறக்கி நிழலில் போட்டார். அவவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அழுதுகொண்டுதான் லொறியை எடுத்தார். அன்றைக்கே லொறி வவுனியா வரை நிற்காமல் ஓடியது. றோட்டில் கயிறு இல்லை.

மூன்றாம் நாள் ஓடோடி வந்தார். இரஞ்சிதம் நிமிர்ந்து பார்த்தா. “இப்பதானே போனனீங்கள், என்னத்தை மறந்திட்டீங்கள்?” என்று கேட்டா. கதிரைக்குப் பக்கத்தில் முதல் நாள் அவர் அவவுக்கு இறக்கி வைத்த லொறியின் தண்ணீர்க் கான் இருந்தது, அதைக் காட்டினார். “உங்கட மறதிக்கு ஒரு அளவில்லை” என்று சிரித்தா.

இப்போது நல்லதம்பிக்கு அறுபத்திரண்டு வயது. தலை முழுக்க நரை, கண்ணில் வெள்ளை படர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் போகிறார். அவவுக்கு ஒரு மயிர்கூட வெளுக்கவில்லை. அவர் முதல் நாள் அடையாளத்துக்குப் போட்ட கல்லிலிருந்து வேப்பமர நிழல் ஒரு சாண் நகர்ந்திருக்கிறது. அதை வைத்து அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்ததில், இரண்டு நாள் முடிய அவருடைய ஆயுள் காணாது. அக்கம்பக்கத்துச் சனம் இதைப்பற்றி இப்போது கதைப்பதில்லை, அந்த வளவுக்குள் மாடு போனால் மட்டும் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டு வருவார்கள். போன வெள்ளியும் அவ, “இப்பதானே போனனீங்கள், என்னத்தை மறந்திட்டீங்கள்?” என்று கேட்டா. “கானை” என்றார். வீமன் வாலை ஆட்டியது. கொஞ்ச நேரம் நின்று அவவின் முகத்தைப் பார்த்தார், வெளிக்கிட்டார். “ரெண்டு நாளில வாறன்” என்ற சொல்லை மட்டும் அவர் வாயில் எடுப்பதில்லை. கானை மரத்தடியிலேயே விட்டுவிட்டுத்தான் வருகிறார்.