இரண்டு விரல் இடம்

அந்தத் தையல் கடையில் மெஷின் இரண்டு, ஆள் இரண்டு, கோழி ஒன்று. தையல்காரர் நடனக்குழுக்களுக்கு உடம்போடு ஒட்டிய உடுப்புகள் தைப்பார். அவர் மனைவி பள்ளிச் சீருடை தைப்பாள். கோழி இருவருக்கும் மேற்பார்வையாளர் மாதிரி மெஷின்களுக்கு இடையில் உலாத்தும். குஞ்சாக இருந்தபோது ஒரு சட்டைப் பொத்தானை விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல நின்றதால் அதற்குப் பட்டன் என்று பெயர். மனைவிக்கு அதன்மேல் உயிர். தையல்காரருக்கும் உயிர்தான், ஆனால் அதைக் கேட்டால் முறைப்பார்.

ஒரு மாதமாகப் பட்டனின் வயிறு ஊதிக்கொண்டே வந்தது. கால்களை அகட்டி அகட்டி நடந்தது. "உட்கார்ந்து தின்னு கொழுத்துப் போச்சு, வேறென்ன?" என்று கிண்டலடித்தவர், திங்கட்கிழமை அது இரையைத் திரும்பிக்கூடப் பார்க்காததைக் கண்டு வாயை மூடிக்கொண்டார். கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

கால்நடை டாக்டரம்மா வயிற்றை மெல்ல அமுக்கிப் பார்த்தார். "கொழுப்பு இல்லைம்மா, தண்ணி கோத்திருக்கு. ஊசி வச்சு இறக்கலாம். ஆனா களைச்சிருக்கு, தாங்குமான்னு தெரியல. மூணு நாள் இந்த மருந்தைக் குடுங்க. தினமும் வயித்தை அளந்து பாருங்க. குறைஞ்சா நல்லது. அரை இஞ்ச் கூடினாக்கூட உடனே தூக்கிட்டு வந்துடணும்."

"அளக்கறதா? அதைத்தானே டாக்டர் நாங்க காலம்பூரா பண்றோம்" என்றாள் மனைவி, அழுகையும் சிரிப்புமாக.

வீட்டுக்கு வந்ததும் அவளே அளந்தாள். பதினைந்தரை. வெட்டும் மேசையின் ஓரத்தில் சாக்கட்டியால் எழுதி வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவள் பிள்ளைகளுக்கு அளவெடுக்கப் பள்ளிக்கூடம் போய்விட்டாள். தையல்காரர் பட்டனை மடியில் வைத்து அளந்தார். பதினாலரை! அவருக்குத் தலைகால் புரியவில்லை. போனில் சொன்னதும் அவள் அழுதே விட்டாள். "உங்க கைராசிங்க. இனிமே நீங்களே அளங்க."

புதன்கிழமை காலை கடைக்கு ஒரு சிறுமியை அழைத்து வந்தார்கள். மனைவி அவள் இடுப்பில் டேப்பைச் சுற்றி, உள்ளே இரண்டு விரலை நுழைத்துக்கொண்டு அளந்தாள். வளர்கிற பிள்ளைகளுக்கு இடம் விட்டுத்தான் அளக்க வேண்டும். பதினெட்டு வருஷமாக அவள் அப்படித்தான் அளக்கிறாள். தையல்காரரோ டேப்பைத் தோலோடு ஒட்ட இழுத்துப் பிடிக்கிறவர். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த அவர் கை அப்படியே நின்றது. திங்கட்கிழமை எழுதியது இரண்டு விரலோடு சேர்த்த அளவு. நேற்றுக் குறைந்ததாகத் தெரிந்தது அந்த விரல்களின் இடம்தான்.

பட்டனைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். டேப்பை இழுத்து அளந்தார். பதினைந்து. ஒரே நாளில் அரை இஞ்ச் கூடியிருந்தது.

"எவ்ளோங்க?" என்று வாசற்படியிலிருந்து கேட்டாள் அவள். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. எத்தனையோ நாள் கழித்து வந்த மலர்ச்சி. அதைக் கெடுக்க அவருக்கு மனம் வரவில்லை. ஊசி வைத்தால் செத்துவிடுமோ என்ற பயம் வேறு.

"பதினாலு" என்றார்.

அன்று முழுக்க அவருக்குத் தையல் ஓடவில்லை. ஒரு உடுப்பின் கைகளை இடம் வலம் மாற்றித் தைத்துப் பிரித்தார். நாளைக்கு மருந்து வேலை செய்துவிடும், சொல்லவே வேண்டியிருக்காது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அது கோழைத்தனம் என்றும் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

வியாழக்கிழமை விடிந்தபோது பட்டன் அலகைத் திறந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது. கொண்டை கருத்துவிட்டது.

"நேத்து பதினாலுதானே சொன்னீங்க?" என்று பதறினாள்.

"பதினஞ்சு" என்றார் அவர். விரல் விஷயத்தையும் சொன்னார். அவள் கூடையை எடுத்தாள்.

டாக்டரம்மா ஊசி வைத்து இரண்டு டம்ளர் தண்ணீர் இறக்கினார். "பிழைச்சுது. நேத்தே வந்திருந்தா இவ்ளோ திணறியிருக்காது. மறுபடியும் ஊறும், இதுக்கு முடிவு கிடையாது. கண்ணும் கருத்துமா பார்த்துக்கிட்டா கொஞ்ச காலம் நல்லா இருக்கும். கூடினா உடனே வாங்க."

பட்டன் அன்றே நாலு இரை பொறுக்கியது. வீட்டுக்கு வந்ததும் தையல்காரர் அளந்து, பன்னிரண்டரை என்று எழுதி வைத்தார். அவள் கோழியோடு பேசினாள். அவரோடு பேசவில்லை. இரண்டு நாள் கடையில் மெஷின் சத்தம் மட்டும்தான் கேட்டது. திட்டித் தீர்த்திருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டேப்பைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"அளங்க."

"நீயே அளக்கலாமே..."

"எனக்கு இடம் விட்டுத்தான் அளக்க வரும். நீங்க இறுக்கியே அளங்க. ஆனா வர்றதைச் சொல்லுங்க."

அவர் பட்டனை மடியில் வைத்துக்கொண்டார். அது அவர் சட்டைப் பொத்தானைக் கொத்திக்கொண்டிருந்தது. டேப்பை இழுத்துப் பிடித்தார். மறுபடியும் பிடித்துப் பார்த்தார். அவள் டேப்பைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பதிமூணு" என்றார். "அரை கூடியிருக்கு."

அவள் ஆணியில் மாட்டியிருந்த கூடையை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"நீங்க தூக்குங்க. நான் கடையைப் பூட்டறேன்" என்றாள்.