பிராய்டும் சாலா சொல்லாத பெயரும்

5-5-1956, சனிக்கிழமை.

நேற்று வகுப்பில் வாசித்த குறிப்பில் ஒரு பிழை. டாக்டர் பிராய்டு வியன்னாவில் பிறந்தவர் என்று எழுதியிருந்தேன். அங்கே வளர்ந்தார், தொழில் செய்தார்; பிறந்தது மொராவியாவில் ஒரு சின்ன ஊர். பிழையை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. எல்லோர் முன்னாலும் தேனப்பன் கண்டுபிடித்தான்.

"வியன்னாவுல பிரசவம் பார்த்தது நீங்கதானா, ஆத்மநாதன்?" என்றான்.

வகுப்பு சிரித்தது. சாலாவும் சிரித்தாள். இந்தக் கதை அந்தச் சிரிப்பில் தொடங்கியது.

இது கதையாக ஆகியிருக்க வேண்டியதே இல்லை. நாளை அந்த டாக்டரின் நூற்றாண்டு. கீழராஜ வீதி மாடியில் நடக்கும் எங்கள் மாலை வகுப்பில் ஒரு கூட்டம் வைத்திருக்கிறோம். தலைப்பு: மனப்பகுப்பு ஒரு விஞ்ஞானமா? ஆம் என்று தேனப்பன் பேசுவான், இல்லை என்று நான். தர்க்கம் சொல்லித்தரும் ஆவுடையப்பன் சார் தலைமை. நான் கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்றாவது வரியில் சாலா வந்துவிட்டாள்.

1

கட்டுரையாகத் தொடங்கியது:

"விஞ்ஞானம் என்பது, தான் எங்கே தோற்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடும் ஒரு..."

(நிறுத்தினேன். இது ஆவுடையப்பன் சாரின் வாக்கியம். எனக்குப் புரிந்த பிறகு எழுதுகிறேன்.)

கதையாகத் தொடங்கியது:

"சித்தன்னவாசல் குகைக்குள் இருவரும் குனிந்து நுழைந்தபோது, இருட்டில் அவளுடைய வளையல்..."

(இதுவும் வேண்டாம். குகை என்றால் ஆழ்மனம் என்று தேனப்பன் உடனே சொல்வான். தவிர, நாங்கள் இருவர் மட்டும் அங்கே போனதில்லை. வகுப்போடு போனபோது சாலா முன்னால் போய்விட்டாள். நான் எல்லோருடைய செருப்புக்கும் காவலாக வெளியே நின்றேன்.)

2

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன்.

சாலா திருமயத்துப் பக்கம். வியாபாரக் குடும்பம். பெண்கள் பள்ளியில் சொர்ணம் டீச்சரோடு வேலை பார்க்கிறாள். அந்த டீச்சர் துணைக்கு வருவதால்தான் அவளை வீட்டில் மாலை வகுப்புக்கு விடுகிறார்கள்.

தேனப்பனும் திருமயத்துப் பக்கம்தான். அவர்கள் சாதிதான். இதை எழுதும்போது என் எழுத்து சிறிதாகிறது, பாருங்கள். நான் குளத்தூர்ப் பக்கத்து விவசாயி மகன், கூட்டுறவு சொசைட்டியில் குமாஸ்தா.

தேனப்பனைக் கெட்டவனாக எழுதிப் பார்த்தேன். கையில் மூக்குப்பொடி டப்பா கொடுத்தேன். அடித்துவிட்டேன், அவன் பொடி போடுவதில்லை. கர்வக்காரன் என்று எழுதினேன். என் பேனா கசிந்த அன்று தன் பேனாவை நீட்டியவன் அவன். அதையும் அடித்தேன். மிஞ்சியது இவ்வளவுதான்: நன்றாகப் பேசுகிறான். வகுப்பில் யார் கனவு சொன்னாலும் அதற்கு ஒரு பொருள் சொல்கிறான். எல்லோரும் அவனிடம் கனவோடு வருகிறார்கள். என்னிடம் நோட்ஸ் கேட்டு வருகிறார்கள்.

3

நேற்று நடந்தது.

கூட்ட நிகழ்ச்சியைச் சாலா எழுந்து வாசித்தாள்.

"தலைமை ஆவுடையப்பன் சார். எதிர்த்துப் பேசறது ஆத்மநாதன். ஆதரிச்சுப் பேசறது..." நின்றாள். பிறகு, "இவுக" என்றாள்.

"எனக்குப் பேரு இல்லையாங்க?" என்றான் தேனப்பன்.

"அதான் எல்லாருக்கும் தெரியுமே."

"பேரு வாயில வரலேன்னா உள்ளுக்குள்ள ஒரு காரணம் இருக்கும்னு டாக்டர் சொல்றார்."

"டாக்டரு எங்க ஊருக்கு வந்ததில்லைங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

நான் எழுந்தேன். என்ன பேசினேன் என்று முழுவதும் நினைவில்லை. இதெல்லாம் விஞ்ஞானமா, ஜோசியமா என்று கத்தியிருக்கிறேன்.

தேனப்பன் மெதுவாகச் சொன்னான்: "பாத்தீகளா சார்? இவரு எதுக்கு இம்புட்டு கோவப்படுறாரு? மறுப்பு பெருசா இருந்தா உள்ள கெடக்குறதும் பெருசா இருக்கும்."

மறுபடி சிரிப்பு.

வாசகரே, நான் எதற்குக் கோபப்பட்டேன் என்று உங்களிடம் சொல்கிறேன். என் பெயர் அவள் வாயில் எங்குமே தடுக்கவில்லை. மளிகைச் சாமான் பட்டியலில் மல்லி, மிளகாய் என்று வருவதுபோல வந்து போயிற்று. எங்கள் பக்கத்தில் ஒரு பெண் எந்த ஆணின் பெயரைச் சொல்ல மாட்டாள்? அதற்கு வியன்னா வரை போக வேண்டியதில்லை.

4

(இந்தப் பகுதியை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். இது என் கதையைக் கெடுக்கிறது. ஆனால் நடந்தது.)

வகுப்பு முடிந்து சாலா படியிறங்கிப் போய்விட்டாள். மறந்துவைத்த குடையை எடுக்கச் சொர்ணம் டீச்சர் மட்டும் திரும்பி வந்தார்.

"என்ன தம்பி, மூஞ்சி சுண்டிக் கெடக்கு? பிரசவம் கஷ்டமா?"

நான் சிரிக்கவில்லை. சாலா ஏன் அந்தப் பெயரைச் சொல்லவில்லை என்று, பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன்.

"அடக் கூத்தே! அது அவ ஐயா பேரு. அவ அப்பச்சியப் பெத்த தாத்தா. அவுக வழக்கப்படி அதையே அவ தம்பிக்கும் வச்சிருக்கு. மாமனார் பேரை அவ ஆத்தா வாயால சொல்லுவாகளா? அதனால அந்தப் பயலைப் 'பெரியவன்'னுதான் கூப்பிடறது. அந்த வீட்டுல அந்தப் பேரு யாரு வாயிலயும் வராது. இவளுக்கு மட்டும் எப்படி வரும்?"

"தன் தம்பி பேர்தானே, டீச்சர். படிச்சவங்க. வகுப்புல சொல்லலாமே."

டீச்சர் குடையை இடுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஒங்களுக்கு எதைச் சொன்னாலும் ஏறாதுபோல. அவ அங்கிட்டு ஒத்தையா நிக்கிறா. நான் வாரேன்."

5

ஏறவில்லை. அதுதான் இந்தக் கதை.

டீச்சர் சொன்னது போதுமான காரணம். நியாயமான எவனும் அதோடு விட்டிருப்பான். நான் வீட்டுக்கு நடந்துகொண்டே அதைப் பிரித்தேன். ஐயா பெயர் என்பது அவளுக்கு வசதியான திரை என்று தோன்றியது. பெயரைச் சொல்லாவிட்டால் மனதில் அவனை வரித்துவிட்டாள். நாளையே சரளமாகச் சொல்லிவிட்டால், மறைக்கப் பழகிவிட்டாள். அவனைப் பார்த்துச் சிரித்தால் ஆசை. பார்க்காமலே இருந்தால் பேராசை. அதெல்லாம் இல்லை என்று சொர்ணம் டீச்சர் சொன்னால் டீச்சரும் உடந்தை.

என் சந்தேகத்தைத் தோற்கடிக்க அந்தப் பெண்ணால் செய்யக்கூடியது எதுவுமே இல்லை. மூச்சுவிட்டாலும் சாட்சி.

இங்கேதான் ஆவுடையப்பன் சாரின் வாக்கியம் எனக்குப் புரிந்தது. மேலே பாதியில் விட்டதை இப்போது என் சொல்லில் முடிக்கிறேன்: எந்தப் பதில் வந்தால் நான் தவறு என்று முதலிலேயே சொல்ல முடியாதவன் எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே நம்பியதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறான்.

டாக்டரின் அறையிலும் இதுதானே நடக்கிறது? நோயாளி 'ஆமாம்' என்றால் ஒப்புக்கொண்டார். 'இல்லை' என்றால் உள்ளே ஏதோ தடுக்கிறது. டாக்டரே கேட்கிறார், டாக்டரே பொருள் சொல்கிறார், குணமாயிற்று என்று டாக்டரே எழுதுகிறார். பக்கத்து அறையில் இன்னொருவர் அதே நோயாளியைக் கேட்டு அதே முடிவுக்கு வந்தாரா என்று பார்க்க வழியில்லை.

(நியாயத்துக்காக ஒன்று. பேசுகிறவரைப் பேசவிட்டுப் பொறுமையாகக் கேட்டவர் அவர். நம் மனம் நமக்கே முழுக்கத் தெரியாது என்றார். இதை நான் எப்படி மறுப்பேன்? விஞ்ஞானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று எழுந்து நின்றவன் நான்.)

(இன்னொன்று. அவர் எழுதிய நோயாளிகளின் வரலாறுகள் கதையாகவே நிற்கின்றன. படித்தவனைக் கீழே வைக்கவிடாது. எனக்கு ஒரு தொடக்கம்கூட நிற்கவில்லை. அவர்மேலும் எனக்குப் பொறாமைதான்.)

6

ஆகையால் நாளை என்ன பேசுவது?

முதல் முடிவு: பொறாமையைச் சொல்லாமல் வாதத்தை மட்டும் வாசிக்கிறேன். கை தட்டுகிறார்கள். நான் மட்டும் என்னை நம்பவில்லை.

இரண்டாவது முடிவு: சாலாவின் தயக்கத்தையே உதாரணமாகச் சொல்கிறேன். வாதம் பிரமாதமாக இருக்கும். அடுத்த வாரத்திலிருந்து அவளை வீட்டில் வகுப்புக்கு விடமாட்டார்கள். (அடித்துவிட்டேன். நன்றாக மை வைத்து அடித்துவிட்டேன்.)

மூன்றாவது: அவள் பெயரை எடுக்காமல், பொறாமைக்காரன் ஒருவன் எப்படி யோசிக்கிறான் என்று சொல்லி, அவன் நான்தான் என்கிறேன். தேனப்பன் எழுந்து, "நான் அப்பவே சொன்னேனே" என்பான். அவன் சொன்னது சரிதான் என்று அவன் முகத்தைப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். ஆனாலும் பொறாமைக்காரன் போட்ட கூட்டல் சரியாக இருந்தால் அது சரிதான். இதையே பேசப் போகிறேன்.

அப்படிப் பேசுகிறவன் முதலில் அதை ஒருமுறை செய்தாக வேண்டாமா? கூட்டத்துக்கு முன்னால் சாலாவிடம் கேட்க வேண்டும். எந்தப் பதில் வந்தால் நான் தோற்றேன் என்று கேட்பதற்கு முன்பே எழுதிவைக்க உட்கார்ந்தேன்.

"ஐயா பேரு என்று அவள் சொன்னால், ஆனால் சொல்லும்போது தலை குனிந்தால்..." அடித்தேன்.

"ஐயா பேரு என்று அவள் சொன்னால், அதுவும் தேனப்பன் இல்லாத நேரத்தில்..." அடித்தேன்.

அவள் பதிலை நான் எழுதப்போவதில்லை. இதுவரை அவளுக்காக நானே நிறையப் பேசிவிட்டேன். வாசகரே, இதற்குள் நீங்களும் அவளைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள். எது நடந்தால் அதை மாற்றிக்கொள்வீர்கள் என்று பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

நாளை: சீக்கிரம் போய் நாற்காலி போட வேண்டும். டாக்டர் பிறந்த ஊரைத் திருத்தி வாசிக்க வேண்டும். அதற்கு முன், சொர்ணம் டீச்சர் பக்கத்தில் இருக்கும்போதே, சாலாவிடம் கேட்க வேண்டும். அவள் "எங்க ஐயா பேரு" என்று சொன்னால், அது அவளுடைய ஐயா பேர்.