ஹெய்மோ வீட்டுக் காற்று

இர்யாவுக்கு வீட்டில் இருக்கும்போது மட்டும்தான் தலைவலி வந்தது. அவள் வேலை பார்த்த நூலகத்தில், பின்லாந்தின் குவோப்பியோ நகரத்தில், வராது. அக்கா வீட்டில் இரண்டு இரவு தங்கினாலும் வராது. காட்டோரத்தில் இருக்கும் தன் கணவன் ஹெய்மோவின் வீட்டுக்குத் திரும்பிக் காலணியைக் கழற்றிய கொஞ்ச நேரத்தில் நெற்றிப்பொட்டில் பிடித்துக்கொள்ளும்.

நூலகத்தில் சொன்னபோது எல்லோரும் ஒன்றையேதான் சொன்னார்கள்: சுவருக்குள் பூஞ்சணம் இருக்கும், காற்றைச் சோதித்துப் பார்.

ஹெய்மோவுக்கு அது சுருக்கென்றது. அவன் தச்சன். முதல் மனைவி மார்கித்தோடு சேர்ந்து, கோடை விடுமுறைகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் கையாலேயே கட்டிய வீடு அது. மார்கித் இறந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் இர்யாவை மணந்தான்.

"பூஞ்சணமா? என் வீட்லயா?" என்று கேட்டுவிட்டு விறகு பிளக்கப் போய்விட்டான். ஆனால் மறுநாள் அவனேதான் காற்றுச் சோதனைக்கு ஆள் தேடிப் பிடித்தான். அவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அவனால் பார்க்க முடியவில்லை.

ரீக்கா என்ற பெண் ஒரு பெட்டி நிறையக் கருவிகளோடும் துய்ஸ்கு என்ற நாயோடும் வந்தாள். பூஞ்சண வாடை அடித்தால் நாய் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும் என்றாள். அது உள்ளே நுழைந்ததும் நேராகப் போய்ச் சமையலறை அலமாரிக்கு முன்னால் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்தது. ஹெய்மோவின் முகம் வெளுத்துவிட்டது.

ரீக்கா அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தாள்.

"பயப்படாதீங்க. இதுல பூஞ்சணம் இருக்கு, நாயை உள்ள விடுறதுக்கு முன்னாடி நானே மறைச்சு வச்சது. இவன் ஒழுங்கா வேலை செய்றானான்னு முதல்ல பாக்கணும்ல?"

"அதுக்குள்ள எனக்கு உயிரே போயிருச்சு," என்றான் ஹெய்மோ.

அதன் பிறகு நாய் எங்கும் உட்காரவில்லை. ரீக்கா சுவர்களின் ஈரத்தை அளந்தாள். மரத்தரைக்கு அடியில் இருந்த இடைவெளியில் தவழ்ந்து போய்த் தலையெல்லாம் ஒட்டடையோடு வெளியே வந்தாள். அறைக்கு அறை காற்றின் மாதிரியை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினாள். முடிவு வந்ததும் நேரில் வந்து, நான் பார்த்த நல்ல வீடுகளில் இதுவும் ஒன்று, ஈரமும் இல்லை பூஞ்சணமும் இல்லை, காற்றோட்டமும் சரியாக இருக்கிறது என்றாள். ஹெய்மோ உற்சாகமாகக் காபி போட எழுந்தான்.

"அப்ப என் தலைவலி பொய்யா?" என்று கேட்டாள் இர்யா.

"அப்படி நான் சொல்லல. வலி நெசந்தான். அது இந்தக் காத்துனால வரலைங்கிறதை மட்டும்தான் என்னால சொல்ல முடியும்."

ரீக்கா கிளம்பியதும் இர்யா அழத் தொடங்கினாள். நல்ல செய்திதானே என்றான் ஹெய்மோ, ஒன்றும் புரியாமல். அதற்காகத்தான் அழுகிறேன் என்றாள் அவள். வீடு கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்வார்கள், யார் மனமும் நோகாமல் இங்கிருந்து போய்விடலாம் என்று காத்திருந்தாளாம்.

"கல்யாணமாகி வந்ததுலேருந்து இங்க நான் விருந்தாளிதான், ஹெய்மோ. எந்தக் கரண்டி எங்க இருக்கணும்னுகூட மார்கித்தான் முடிவு பண்ணியிருக்கா."

அவன் எழுந்து ஆறிப்போன காபியைத் தொட்டியில் ஊற்றினான்.

"இதை முதல்லயே சொல்லியிருந்தா அந்த நாய்க்கு இவ்வளவு வேலை இருந்திருக்காதே."

"சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப?"

"கோவப்பட்டிருப்பேன்," என்று ஒத்துக்கொண்டான்.

அன்று மாலை வீட்டை ஒட்டிய சவுனா என்ற நீராவிக் குளியலறையில் வெகுநேரம் தனியாக உட்கார்ந்திருந்தான். வெளியே வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. சூட்டினாலா என்று இர்யா கேட்கவில்லை. வசந்தம் வந்ததும் வீட்டை விற்கலாம் என்றான்.

சுத்தமான காற்றுள்ள வீடு என்பதால் உடனே விலைபோனது. சாவியைக் கொடுக்குமுன் ஹெய்மோ அறை அறையாகப் போய்ச் சுவர்களைத் தடவிப் பார்த்தான். இர்யா வெளியே காத்திருந்தாள்.

நகரத்தில் நாலாம் மாடியில் ஒரு சின்ன வீட்டை இருவரும் சேர்ந்து பார்த்து, சண்டை போட்டு, முடிவு செய்தார்கள். சமையலறைக்கு அவள் மஞ்சள் வண்ணம் கேட்டாள். அவன் முணுமுணுத்துக்கொண்டே அடித்துக் கொடுத்தான். தலைவலி அடியோடு போய்விட்டது என்று சொல்ல முடியாது. முதல் பனிக்காலத்தில் ஓரிரு முறை வந்தது. இந்த முறை யாரும் காற்றைச் சந்தேகிக்கவில்லை; மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தாள். ஹெய்மோ ஏரிக்கரைச் சந்தைக்கு நடந்துபோய் இரவுச் சாப்பாட்டுக்கு மீன் வாங்கி வந்தான்.