மாமியின் மடிக்குப் போகாத பிள்ளை

பெற்றவள் நாற்பதாம் நாள் தலை குளிக்கும் அன்று, அதுதான் நாற்பது, பிள்ளை மடி மடியாகப் போகவேண்டும். சதுரங்கப்பட்டினத்தில் அதுதான் வழக்கம். வந்த பெண்கள் ஒவ்வொருவராக வாங்கி, கன்னத்தோடு கன்னம் வைத்து, விரலால் சர்க்கரை தொட்டு வாயில் வைத்து, பக்கத்திலிருப்பவளிடம் கொடுப்பார்கள். எத்தனை மடி ஏறுகிறதோ அத்தனை ஆயுசு.

ஹபீபாவின் மூத்த பிள்ளையும் அப்படி ஊர் மடியெல்லாம் ஏறியதுதான். அந்தக் கூட்டத்தில் ஒருத்தி இருமிக்கொண்டே முத்தம் கொடுத்தாள். சில நாளில் பிள்ளைக்கு நெஞ்சு இழுக்கத் தொடங்கியது, பிறகு அழக்கூட மூச்சில்லாமல் அடங்கிப்போனது. அல்லா கொடுத்தான், அல்லா எடுத்துக்கொண்டான் என்றார்கள். ஹபீபா மறுத்துப் பேசவில்லை. ஆனால் அந்த இருமலை அவள் மறக்கவுமில்லை. யாரிடமும் சொல்லாமல் அதையே வருஷக் கணக்காக மனசுக்குள் உருட்டிக்கொண்டிருந்தாள்.

இப்போது இளையதற்கு நாற்பது. செங்கல்பட்டிலிருந்து ஃபக்ருன்னிசா மாமி பஸ் ஏறி வந்தாள். ஹபீபாவின் புருஷன் முனீரைத் தாய் தகப்பன் இல்லாத குறை தெரியாமல் வளர்த்து ஆளாக்கி, நிக்காஹும் முடித்துவைத்த அத்தை அவள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இருமினாள். உட்கார்ந்தும் இருமினாள். பிறகு கையை நீட்டினாள்.

"குடு புள்ளய."

ஹபீபா பிள்ளையை முந்தானைக்குள் இறுக்கிக்கொண்டாள். "இருமல் நிக்கட்டும் மாமி. அப்புறம் தரேன்."

கூடத்திலிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அடுப்பில் பிரியாணிச் சட்டியின் மூடி தடதடத்தது.

"இன்னாடி சொன்ன?"

"உங்க வூட்ல ஒரு கோழி தூங்கி விழுந்தா, குஞ்சுங்களத் தனியா கூடை போட்டுக் கவுக்கறீங்க இல்ல? இதுவும் குஞ்சுதான்."

"அப்ப நான் சீக்குக் கோழியா? டேய் முனீரு, கேட்டுகினு கீறியா? ஒன்ன வளத்த மடிடா இது."

முனீர் மனைவியைப் பார்த்தான். கொடுத்துவிடு என்று கண்ணால் கெஞ்சினான். அவள் அசையவில்லை. மாமி சோற்றில் கை வைக்காமல் எழுந்து போனாள். வந்தவர்களில் பாதிப் பேர் அவள் பின்னால் போய்விட்டார்கள்.

அன்றிரவு முனீர் ஹபீபாவோடு பேசவில்லை. ஊர் பேசியது. திமிர் பிடித்தவள், பிள்ளையைப் பொட்டியில வச்சுப் பூட்டட்டும் என்றது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுப்பைக் கொல்லைக் கீற்றுக்கொட்டகைக்கு மாற்றினாள். ஈரச் சவுக்கு விறகின் புகை உள்ளே வரவிடவில்லை. தாய்ப்பாலை நிறுத்தவில்லை. இருமுகிறவர் யாரானாலும் வாசலோடு சரி. கடைக்குப் போய்ச் சளி பிடித்து வந்த முனீரும் மழைக்காலம் முடியும்வரை வெளிக்கூடத்தில்தான் படுத்தான்.

கார்த்திகையில் தெரு முழுக்கக் கக்குவான் இருமல். பக்கத்து வீட்டு சுராயா, தன் கைக்குழந்தையை அணைத்தபடி வேலி ஓரம் வந்து நின்றாள்.

"பெரியவனுக்கு வந்துட்சிக்கா. சின்னதுக்கு இன்னும் இல்ல. இன்னா பண்றது?"

"பெரியவன உங்கம்மா கிட்ட வுடு. சின்னத நீயே வச்சிக்க. யார் கேட்டாலும் குடுக்காத. திட்டுவாங்க. திட்டட்டும்."

சுராயா கொடுக்கவில்லை. அவளைப் பார்த்து எதிர்வீட்டுக்காரியும் கொடுக்கவில்லை.

மாசியில் மாமி வந்தாள். இருமல் இல்லை. முகம் மட்டும் உம்மென்று இருந்தது. ஹபீபா பிள்ளையைக் கொண்டுபோய் அவள் மடியில் வைத்தாள்.

புது முகத்தைப் பார்த்ததும் பிள்ளை வீறிட்டது. தெருக்கோடி வரை கேட்கும் அழுகை. மாமி அதன் நெஞ்சில் காதை வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள்.

"ஒரு கரகரப்பு இல்லடி," என்றாள் கடைசியில். "சங்கு மாதிரி கீது. வாங்கிக்கடி, காது போவுது."

ஹபீபா கையை நீட்டவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "இருக்கட்டும் மாமி. இன்னும் கொஞ்சம் அழட்டும்."