நாற்பத்தோராவது நகர்த்தல்

1
இதை என்னிடம் சொன்னவர் ராஜாராமன். டெல்லி கிட்வாய் நகர்க்காரர், மத்திய அரசு அதிகாரி. சொல்லி முடித்துவிட்டு, "எழுதுங்கோ. ஆனா என்னை நல்லவனாக்கிடாதேங்கோ" என்றார். முதல் வரைவில் அதைத்தான் செய்திருந்தேன். கிழித்துப் போட்டேன்.

2
மயூர் விஹாரில் ஞாயிற்றுக்கிழமை சதுரங்கப் போட்டி. ராஜாராமனின் ரேட்டிங் 2060. எதிரே கோமளா, 1410. மூன்று வீடுகளில் சமையல் செய்பவள். கைபேசியில் ஆடக் கற்றவள். அரை மணியில் முடிந்துவிடும் என்று

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அவரும் அப்படி நினைத்துத்தான் உட்கார்ந்தார்.)

மூன்று மணி நேரமாகியும் முடியவில்லை. நாற்பத்தோராவது நகர்த்தலில் காயை வைத்துக் கையை எடுத்த பிறகுதான் கண்டார்: கோமளா யானையை இறக்கினால் அவருடைய ராஜாவுக்குப் போக்கிடமில்லை. அவள் அதைக் காணவில்லை; அவள் கண் பலகையின் வேறு மூலையில் இருந்தது.

"டிரா?" என்று கை நீட்டினார்.

அந்தக் கையை அவள் இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள். ஆட்டம் சமனில் முடிந்தது.

டிரா கேட்பதில் தவறில்லை, விதி அனுமதிக்கிறது. தவறு அதன் பின்னால் நடந்தது.

3
"சார், நான் எங்கனா தப்பு பண்ணிட்டனா?"

"இல்லம்மா. நன்னா ஆடினேள்."

(இதைப் படித்துக் காட்டியபோது ராஜாராமன் மறுத்தார். "'ஆடினே'ன்னுதான் சொன்னேன். மரியாதையெல்லாம் நீங்க சேக்காதேங்கோ.")

"அச்சா சார். வீட்டுக்குப் போய் போன்ல போட்டுப் பாக்கறேன்." நகர்வுகள் எழுதிய தாளை மடித்துக்கொண்டு போனாள்.

அவள் எங்கே வெற்றியை விட்டாள் என்று போன் ஒரு நொடியில் சொல்லிவிடும்.

4
ஒரு வரைவில் அவர் பேசாமல் மெட்ரோ ஏறிவிடுகிறார். நடந்தது அதுவல்ல. வாசல்வரை ஓடினார்.

"கோமளா! யானையை இறக்கியிருந்தா நீ ஜெயிச்சிருப்பே. எனக்கு அப்பவே தெரியும்."

அவள் தாளைப் பிரித்து வெகுநேரம் பார்த்தாள்.

"தப்பு பண்ணனான்னு நான் கேட்டப்பவும் தெரியுமா சார்?"

"தெரியும்."

5
அதற்கு அவள் ஏதோ சொன்னாள். என்ன என்று ராஜாராமன் சொல்ல மறுக்கிறார். "அது எனக்குச் சொன்னது."

மூன்று பதில்கள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் மன்னிக்கிறாள். ஒன்றில் ஏசுகிறாள். ஒன்றில் சிரித்துவிட்டுப் போகிறாள். மூன்றையும் அடித்தேன், மூன்றிலும் மனம் லேசானது ராஜாராமனுக்கும் எனக்கும்தான்.

நீங்கள் எழுதுவதானால் பலகைக்கு அந்தப் பக்கம், அவள் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுங்கள். முறை அவளுடையது.