மேற்குப் பக்கத்து மறைப்பு

அந்த அலுவலகத்தைக் கட்டியவனுக்குக் கண்ணாடிப் பைத்தியம். மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடியை மாட்டி, மூன்றாம் மாடியை அடுப்பாக்கிவிட்டுப் போய்விட்டான். மதியம் திரும்பினால் போதும், ஏசி மூச்சு வாங்கும், ஆட்கள் தொப்பலாக நனைவார்கள். இதற்கு வழி பார்க்க வேண்டியவள் கட்டட இன்ஜினியரான அவள். அலுவலகத்தில் அவளுக்கு 'வெயில் மேடம்' என்று பேர்.

ஆனால் பாழாய்ப்போன அந்த வெயிலில்தான் அவள் உயிர் இருந்தது. அந்தக் கண்ணாடிக்கு நேரே, தெருவின் எதிர் வரிசையில் கீழே அண்ணன் கடை, மாடியில் அவன் வீடு. வாதம் வந்து பேச்சு நின்றுபோன அம்மா அங்கேதான் கிடந்தாள். அம்மாவை யார் வைத்துக்கொள்வது என்ற சண்டையில், "இனி இந்த வாசப்படிய மிதிக்காதே" என்று அண்ணன் கத்த, "மிதிக்கல போ" என்று இவளும் வீம்பாக வந்துவிட்டாள். வந்து என்ன கண்டாள்? அழுததுதான் மிச்சம். அண்ணிதான் மனசு கேட்காமல், அவனுக்குத் தெரியாமல், தினமும் டீ நேரத்தில் அம்மாவை ஜன்னலோரம் சாய்த்து உட்காரவைப்பாள். இவள் கண்ணாடியருகே போய் நிற்பாள். சாயும் வெயில் நேராக இவள்மேல் விழும். அம்மா பார்த்துவிட்டு, விளங்கும் கையைத் தூக்கி ஆட்டுவாள். தாய்க்கும் மகளுக்கும் இருந்தது அவ்வளவுதான்.

கண்ணாடியோரம் உட்காரும் மாசமான பெண் ஒருநாள் மயங்கி விழுந்தாள். அதற்குமேல் தள்ளிப்போட முடியவில்லை.

"மொத்தமா அடைச்சிடுங்க" என்றார் மேனேஜர்.

"வேணாம் சார். வெளிப்பக்கம் பொடி ஓட்டை போட்ட தகடு மாட்டலாம். வெயிலும் நிக்கும், வெளியவும் தெரியும்."

ஒரு தகட்டை நிறுத்தி உள்ளிருந்து பார்த்தாள். அண்ணன் வீட்டு ஜன்னல் பளிச்சென்று தெரிந்தது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

வேலை முடிந்த அன்று மாடியே குளுகுளுவென்றிருந்தது. "இனி வேற பேருதான் வைக்கணும் மேடம்" என்று கேலி செய்தார்கள். டீ நேரத்தில் போய் நின்றாள். அம்மா தெரிந்தாள். இவள் கையை ஆட்டினாள். அம்மா ஆட்டவில்லை. அவள் கண்கள் மாடி மாடியாக அலைந்துகொண்டிருந்தன.

அண்ணிக்குப் போன் போட்டாள். "எதிர்லதான் நிக்கிறேன் அண்ணி. அம்மாவுக்குக் காட்டுங்க."

"எங்க நிக்கிற நீ? தகரம்தான் மின்னுது, கண்ணு கூசுது."

சுருக்கென்றது. வெயில் பட்டு மின்னும் தகட்டுக்குப் பின்னால் நிற்கிற ஆள் வெளியே தெரியமாட்டார். இதுகூடத் தெரியாதா இவளுக்கு? உள்ளேயே நின்று பார்த்தாளே தவிர, ஒரு தடவை தெருவில் இறங்கி அண்ணாந்து பார்க்கவில்லையே, பாவி!

அண்ணி காட்டிய பக்கமெல்லாம் அம்மா பார்த்தாள். பிறகு உதடு கோணி அழத் தொடங்கினாள். அத்தனையும் இவளுக்குத் துல்லியமாகத் தெரிந்தது.

"இனிமே உக்கார வைக்க வேணாம்மா" என்றாள் அண்ணி. "தேடித் தேடி அழுறாங்க."

"சரி அண்ணி."

எதிரே திரைச்சீலை மூடியது. பின்னாலிருந்து அந்த மாசமான பெண், "மேடம், ஏசியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்களேன், குளிருது" என்றாள்.