பலகை குடிக்காத சாராயம்

அடிமைகளை ஏற்றிச் சென்ற பழைய கப்பல் ஒன்றை, அச்சு அசலாக எங்கள் ஊரான அனோமாபோவின் கடற்கரையில் மறுபடி கட்டி முடித்திருந்தோம். பள்ளிப் பிள்ளைகள் அதன் அடித்தட்டில் இறங்கி, அன்று மனிதரை விற்ற கதையையும், இன்றும் வோல்டா ஏரிப் பக்கம் மீன்பிடி வேலைக்குப் பிள்ளைகளை விற்கும் கதையையும் கேட்க வேண்டும் என்பது ஏற்பாடு. மரம் கொடுத்தவன் நான். லாபம் வைத்துத்தான் கொடுத்தேன். புண்ணியத்துக்கும் லாரி வாடகை உண்டே.

கடலில் இறக்கும் முன் முன்னோர்களைப் பெயர் சொல்லி அழைத்துச் சாராயம் வார்ப்பது எங்கள் வழக்கம். ஊர்த் தலைவருக்காகப் பேசும் பெரியவர் எஜிர் அடித்தட்டில் நின்று, எங்கள் பாட்டன்மாரை ஒவ்வொருவராக அழைத்து ஊற்றினார். நன்றாகக் காய்ந்த பலகைதான். ஆனாலும் சாராயம் உள்ளே இறங்காமல் முத்து முத்தாக நின்றது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். போத்தல் வாங்கியதும் நான்தான்.

"தண்ணி கலந்துட்டான் போல," என்றான் தச்சன் கொபினா.

"தண்ணியா இருந்தாலும் மரம் குடிக்கணுமேடா," என்றேன்.

பலகைக்குக் கீழே யாரோ புரண்டு படுப்பது போல ஒரு சத்தம். கீழே வெறும் மணல்.

"கூப்பிட்ட ஆளு தப்பு," என்றார் எஜிர். "நம்ம பாட்டனுங்க கரையில நின்னு வித்தவங்க. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இதுக்குள்ள வருவாங்க? விலைபோயி கப்பலேறினவங்களக் கூப்பிடணும்."

"கூப்பிடுங்க."

"ஒருத்தர் பேராவது தெரியுமா உனக்கு?"

தெரியாது. விற்ற சரக்குக்குப் பெயர் எதற்கு என்று இருந்துவிட்டது எங்கள் ஊர்.

வேலையாட்களுக்குச் சமைத்துப்போடும் அராபா ஏணியில் இறங்கி வந்தாள். வலை இழுக்கட்டும், படிக்கவும் வைக்கிறேன் என்று சொல்லி, ஒரு படகுக்காரன் அவள் மகனை வோல்டா ஏரிக்குக் கூட்டிப் போயிருந்தான். இரண்டு மழைக்காலமாகச் செய்தி இல்லை.

"பெரியவரே, எம் புள்ள குவாமெனா பேரச் சொல்லி ஊத்துங்க."

"உயிரோட இருக்கிறவன் பேர இதுல சொல்லக் கூடாது, புத்தி கெட்டவளே."

"இருக்கானான்னு தெரியத்தான் கேக்குறேன். பலகை குடிச்சா போயிட்டான். குடிக்கலன்னா இருக்கான். நான் அழுறதா, தேடுறதா? ஏதோ ஒண்ணு தெரிஞ்சாகணும்."

எஜிர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போத்தலைத் தூக்கினார். "குவாமெனா," என்றார். போத்தல் சாய்ந்தது. கீழே புரளும் சத்தம் நின்றுபோனது, காது கொடுத்துக் கேட்பது போல.

பலகையில் விழும் முன் அராபா இரண்டு கையையும் குவித்து நீட்டிவிட்டாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. அப்படியே வாயில் ஊற்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, ஏரிக்குப் போய்த் தேடப் போறேன். மரம் ஏத்துற லாரி சும்மாதானே நிக்குது?"

பேரம் பேசாமல் சாவியை எடுத்தேன். எல்லோரும் ஏணியில் ஏறினார்கள். கடைசி ஆள் நான். நான் ஏறி முடித்த பிறகும், பின்னால் இன்னும் யாரோ ஏறி வருவது போல ஏணி ஆடிக்கொண்டே இருந்தது.